பெயரன்: மல்கம் ஷபாஸின் 28 ஆண்டுகள்

2013 மே மாதம் 9ஆம் திகதி, மெக்சிக்கோ நகரின் கரிபால்டி சதுக்கத்துக்கு அருகே அடித்து வீழ்த்தப்பட்டுத் தெருவில் கிடந்த ஓர் இளைஞர் வைத்தியசாலையில் உயிரிழந்தார். அவருக்கு வயது 28. ஓரிரு நாள்களில் அந்தச் செய்தி கல்முனைக்கும் வந்து சேர்ந்தது. மக்ரிபுத் தொழுகைக்குப் பின் நாங்கள் சிலர் வழமையாகக் கூடும் தேநீர்க்கடையில், கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் தலைப்பை மட்டும் உரக்கச் சொன்னார்: “மல்கம் எக்ஸ்ட பேரன அடிச்சிக் கொன்டுட்டாங்களாம்.” மல்கம் எக்ஸ், அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைகளுக்காகப் போராடிய முஸ்லிம் தலைவர். சிலர் ‘இன்னாலில்லாஹி’ சொன்னார்கள். ஒருவர் அமெரிக்காவின் சதி என்றார். அந்தப் பேரனின் பெயர் என்னவென்று எவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பெரிய வேறுபாடு இருந்திருக்காது, ஏனெனில் அவருடைய பெயரும் மல்கம்தான்.

‘பேரன்’ என்ற சொல்லே ‘பெயரன்’ என்பதிலிருந்து வந்தது. பாட்டனின் பெயரைத் தாங்குபவன் என்பது பொருள். சங்கப் பாடல்களில் இச்சொல் ‘பெயரன்’ என்ற முழு வடிவிலேயே நிற்கிறது. வாயில் தேய்ந்து தேய்ந்து ‘பேரன்’ ஆனபின் அதற்குள் ஒரு பெயர் இருக்கிறது என்பதை நாம் மறந்துவிட்டோம். மல்கம் ஷபாஸின் வாழ்க்கையைப் பற்றி ஆங்கிலப் பத்திரிகைகளில் வந்தவற்றையும் நம்மவர்கள் பேசிக்கொண்டவற்றையும் சேர்த்துப் பார்க்கும்போது, அந்த மறந்துபோன பொருளே எல்லாவற்றுக்கும் மேலாக மேலெழுந்து நிற்கிறது. அவர் செய்ததும் அவருக்கு நேர்ந்ததும் பாட்டனாரின் கதையின் பிற்சேர்க்கையாகவே எழுதப்பட்டன. ஒரு சாரார் அதைக் குடும்பத்தின் மேல் விழுந்த சாபமாகப் பார்த்தார்கள், மறுசாரார் அரசாங்கத்தின் நீண்ட கையாகப் பார்த்தார்கள். இரண்டு பார்வைகளிலும் முதன்மைப் பாத்திரம் 1965இல் இறந்தவர்தான். பிறந்த நாள் தொடக்கம் அந்தப் பிள்ளை யார் யாருடைய கையில் இருந்தது என்று கணக்குப் பார்த்தால் கிடைக்கும் கதை வேறு. அது அவ்வளவு கவர்ச்சியானதன்று, ஆனால் நமக்கு மிகவும் பழக்கமானது.

மல்கம் எக்ஸ் 1965 பெப்ரவரி 21ஆம் திகதி நியூயோர்க் நகரின் ஓடுபன் மண்டபத்தில் சுட்டுக் கொல்லப்பட்டபோது அவருக்கு 39 வயது. மனைவி பெற்றி ஷபாஸ் நான்கு பெண் குழந்தைகளோடு அதே மண்டபத்தில் இருந்தார். துப்பாக்கிச் சத்தம் கேட்டதும் பிள்ளைகளைக் கீழே தள்ளி அவர்கள்மேல் தன் உடலைப் போட்டு மூடிக்கொண்டார். அப்போது அவர் கர்ப்பிணி. அதே ஆண்டில் பிறந்த இரட்டையரும் பெண்கள். ஆகவே மல்கம் எக்ஸுக்குப் பிள்ளைகள் ஆறு பேர், ஆறு பேரும் பெண்கள். பின்னர் 1984இல் இரண்டாவது மகளின் வயிற்றில் ஓர் ஆண் குழந்தை பிறந்தபோது, ‘முதல் ஆண் வாரிசு’ என்ற பட்டம் அந்தப் பிள்ளையின் நெற்றியில் ஒட்டிக்கொண்டது, இறக்கும்வரை அது விலகவில்லை.

மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் வரையுள்ள கரையோரத்தில் வாழ்கின்ற எங்களுக்கு இந்தப் பட்டம் சற்று விநோதமாகத்தான் இருக்க வேண்டும். இங்கே தமிழரிடத்திலும் முஸ்லிம்களிடத்திலும் குடி தாய்வழியாகவே வருகிறது. வாப்பாவின் குடி எதுவாக இருந்தாலும் பிள்ளைக்கு உம்மாவின் குடிதான், வீடும் வளவும் பெண்பிள்ளைக்கே எழுதப்படுகின்றன, மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வருகிறார். இந்தக் கணக்கின்படி ஆறு பெண்களைப் பெற்ற ஒருவரின் வழி அறுந்துபோயிற்று என்று எவரும் சொல்லமாட்டார்கள், ஆறு கிளைகளாகப் பிரிந்தது என்றே சொல்வார்கள். ஆண் வாரிசுக்காகக் காத்திருந்த கண்கள் அந்தப் பிள்ளையின் பிறப்பிலேயே அதன்மேல் வைத்த பாரத்தைப் புரிந்துகொள்ள, இப்படி ஓர் ஒப்பீடு உதவுகிறது. மகளின் மகனாயிருந்தும், தந்தையின் குடும்பப் பெயரை விட்டு, தாய்வழிப் பெயரான ஷபாஸ் என்பதையே அவர் தாங்கினார் என்பதும் கவனிக்கத்தக்கது.

பெற்றி ஷபாஸ் கணவரின் இறப்புக்குப் பின் இடிந்து உட்கார்ந்துவிட்ட பெண் அல்லர். கொலைக்கு ஒரு வாரம் முன்னர்தான் குவீன்ஸ் பகுதியில் அவர்கள் இருந்த வீடு தீக்குண்டு வீசி எரிக்கப்பட்டிருந்தது. வீடும் இல்லை, வருமானமும் இல்லை. ஹார்லெம் பகுதியின் கலைஞர்களும் தாய்மாரும் பணம் திரட்டி அவருக்கு வீடு வாங்க உதவினார்கள். தாதியாகப் பயிற்சி பெற்றிருந்த அவர் மீண்டும் படித்து, 1975இல் கல்வியியலில் கலாநிதிப் பட்டம் பெற்று, புரூக்ளினில் உள்ள மெட்கர் எவர்ஸ் கல்லூரியில் நீண்டகாலம் பணியாற்றினார். பிள்ளைகளை நல்ல பாடசாலைகளில் சேர்த்தார். தகப்பனின் கொள்கைப் பாரம் பிள்ளைகளின் தோளில் ஏறிவிடக் கூடாது என்பதில் அவர் காட்டிய கவனத்தைப் பலரும் குறிப்பிட்டிருக்கிறார்கள். ஆனால் நான்கு வயதில் அந்த மண்டபத்தில் தன் தகப்பன் சரிவதைப் பார்த்த இரண்டாவது மகளின் உள்ளே என்ன தங்கியது என்பதைப் பாடசாலைகளால் அளக்க முடியவில்லை.

அந்த இரண்டாவது மகள்தான் குபிலா. மங்கோலியப் பேரரசர் குப்லாய் கானின் நினைவாகத் தகப்பன் வைத்த பெயர் அது. பிரின்ஸ்ரன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, விரைவிலேயே விலகி, பாரிஸுக்குப் போனார். அங்கே அல்ஜீரியர் ஒருவரோடு ஏற்பட்ட உறவில் 1984 ஒக்டோபர் 8ஆம் திகதி மல்கம் பிறந்தார். தந்தை பிள்ளையின் வாழ்க்கையில் இருக்கவில்லை. குழந்தை சில மாதங்களாக இருக்கும்போதே தாய் அமெரிக்காவுக்குத் திரும்பினார். அதன்பின் நகரம் மாறி நகரம், வேலை மாறி வேலை. மதுப்பழக்கமும் மனச்சோர்வும் அவரைப் பின்தொடர்ந்தன. பிள்ளை சில காலம் தாயோடும், சில காலம் பாட்டியோடும், இடையிடையே சிற்றன்னையரோடும் வளர்ந்தது.

1995 ஜனவரியில் குபிலா கைது செய்யப்பட்டார். தன் தகப்பனின் கொலைக்குப் பின்னால், அவர் விலகிவந்த ‘நேஷன் ஒவ் இஸ்லாம்’ இயக்கத்தின் தலைவர் லூயிஸ் ஃபரக்கான் இருந்தார் என்று அந்தக் குடும்பம் நெடுங்காலம் நம்பியிருந்தது. அவரைக் கொல்ல ஆள் அமர்த்த முயன்றார் என்பதே குற்றச்சாட்டு. அமர்த்தப்பட்டதாகச் சொல்லப்பட்ட ஆள் குபிலாவின் பாடசாலை நண்பர். அவர் அரசாங்கத்திடம் பணம் பெற்று உளவு சொல்பவர் என்பதும், தொலைபேசி உரையாடல்களைப் பதிவு செய்தவர் என்பதும் பின்னர் வெளிவந்தன. ஃபரக்கானே குபிலா வலையில் சிக்கவைக்கப்பட்டார் என்று அவருக்காகப் பேசினார். மே மாதத்தில் வழக்கு உடன்பாட்டில் முடிந்தது. குபிலா சிறைக்குப் போகவில்லை, ஆனால் இரண்டு ஆண்டுகள் உளவளச் சிகிச்சையும் போதைப் பழக்கத்துக்கான சிகிச்சையும் பெற்றாக வேண்டும் என்ற நிபந்தனையை ஏற்று டெக்ஸாஸ் மாநிலத்தின் சான் அன்ரோனியோ நகருக்குச் சென்றார். பத்து வயதான மல்கம் நியூயோர்க்கின் யொங்கர்ஸில் பாட்டி பெற்றியின் வீட்டுக்கு வந்தார். பிறகு தாயிடம் போனார். தாயின் புதிய திருமணமும் நிலைக்காமல் வீட்டில் சண்டை மூண்டபோது, 1997இல் மறுபடியும் பாட்டியிடம் அனுப்பப்பட்டார்.

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டியிருக்கிறது, ஏனெனில் இந்தக் கதையில் எனக்கு அந்நியமாகத் தெரியாத பகுதி இதுதான். நான் கற்பிக்கின்ற பாடசாலையில் பெற்றோர் கூட்டம் என்று அழைத்தால், ஒவ்வொரு வகுப்பிலும் பின்வாங்கில் சில மூத்தம்மாமார் உட்கார்ந்திருப்பார்கள். தமிழ்ப் பாடசாலையில் கற்பிக்கும் நண்பர்கள், தங்கள் கூட்டங்களுக்கு அம்மம்மாமார் வருவதாகச் சொல்கிறார்கள். தாய் கட்டாரில், குவைத்தில், சவூதியில் வீட்டுப் பணிப்பெண்ணாக இருக்கிறார். ஏழாம் வகுப்பில் பக்கத்துப் பையனின் கொப்பியைக் கிழித்த ஒரு மாணவனைப் பற்றிப் பேச ஒருமுறை பாட்டியை அழைத்திருந்தேன். முக்காட்டின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டே அவர் சொன்னார்: “ஐஎம்ஓவில உம்மா எடுத்தா பேசமாட்டான் சேர். போனைத் திருப்பிச் சுவத்தப் பாக்க வெச்சிருவான். வெட்டினதுக்குப் பொறகு, ஏன் வெட்டினீங்க எண்டு என்னோட சண்டை.” பாட்டியின் அன்பில் குறையொன்றும் இருக்கவில்லை. அவன் கோபம் எவர்மேல் என்பதில் மட்டும் ஒரு பிசகு இருந்தது, அந்தக் கோபம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தவர்மேல் வந்து விழுந்தது.

மல்கம் ஷபாஸ் இறந்த அதே 2013இல்தான் இலங்கையில் வெளிநாட்டு வீட்டுவேலைக்குச் செல்லும் பெண்களிடமிருந்து குடும்பப் பின்னணி அறிக்கை கேட்கப்படலாயிற்று. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாய் போக முடியாது என்றும், அதற்கு மேற்பட்ட பிள்ளைகள் இருந்தால் அவர்களைப் பார்த்துக்கொள்பவர் யார் என்று காட்ட வேண்டும் என்றும் விதி வந்தது. பொருளாதாரம் சரிந்த 2022இல் அந்த ஐந்து வயது இரண்டாகக் குறைக்கப்பட்டது. பார்த்துக்கொள்பவர் என்ற இடத்தில் எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் எழுதப்படுவது தாயின் தாயின் பெயர். மகளுக்குக் கட்டிக்கொடுத்த வீட்டின் அருகிலேயே தாய் இருப்பதால் அது இயல்பான ஏற்பாடாகவும் தெரிகிறது. ஆனால் அந்த ஏற்பாட்டைப் பிள்ளையிடம் எவரும் கேட்பதில்லை. அதற்கான கட்டம் அறிக்கையில் இருந்ததாகவும் எனக்குத் தெரியவில்லை.

யொங்கர்ஸில் நடந்தது இது. 1997 ஜூன் 1ஆம் திகதி நள்ளிரவு கடந்த வேளையில் பன்னிரண்டு வயதான மல்கம் பாட்டியின் குடியிருப்பில் பெற்றோல் ஊற்றித் தீ வைத்தார். பாட்டியோடு இருக்க விரும்பாமல், ஏதாவது குழப்பம் செய்தால் மறுபடியும் டெக்ஸாஸுக்குத் தாயிடம் அனுப்பிவிடுவார்கள் என்று அந்தப் பிள்ளை எண்ணியதாக அப்போதே செய்திகள் கூறின. வளர்ந்த பின் அளித்த செவ்விகளிலும் அவர் தீ வைத்ததை மறுக்கவில்லை. நடைகூடத்தில் தீ வைத்ததாகவும், பாட்டி வேறு வழியால் வெளியேறிவிடுவார் என்று நினைத்ததாகவும், கொல்லும் எண்ணம் இருக்கவில்லை என்றும் சொன்னார். பாட்டி தீயைக் கடந்து வந்தார். உடலின் 80 வீதம் எரிந்த நிலையில் புரொங்ஸ் பகுதியிலுள்ள வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டு, பலமுறை தோல்மாற்றுச் சத்திரசிகிச்சை செய்யப்பட்டு, மூன்று வாரங்கள் உயிருக்குப் போராடி ஜூன் 23ஆம் திகதி காலமானார். பையன் அன்றிரவே பெற்றோல் வாடையோடு தெருவில் அலைந்துகொண்டிருந்தபோது பிடிபட்டிருந்தார்.

இங்கிருந்துதான் சாபக் கதை தொடங்குகிறது. 1929இல் மல்கம் எக்ஸ் நான்கு வயதுச் சிறுவனாயிருந்தபோது மிச்சிகனில் அவர்களுடைய வீடு எரிந்தது, 1965இல் குவீன்ஸ் வீடு எரிந்தது, 1997இல் யொங்கர்ஸ் வீடு எரிந்தது என்று மூன்று தீயையும் ஒரு சரட்டில் கோத்து, அந்தக் குடும்பத்தைத் தீ துரத்துகிறது என்று எழுதினார்கள். வாசிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் முதல் தீயை வெள்ளை இனவெறியர்கள் வைத்ததாகக் குடும்பம் நம்பியது, இரண்டாவதை இயக்கப் பகையின் விளைவாக மல்கம் எக்ஸ் குற்றஞ்சாட்டினார், மூன்றாவது தாயைத் தேடிய ஒரு சிறுவன் வைத்தது. இவற்றிடையே உள்ள ஒற்றுமை தீ என்ற சொல் மாத்திரமே.

உண்மையான ஒற்றுமை வேறிடத்தில் இருக்கிறது, அதைப் பற்றிப் பேசினோர் குறைவு. மல்கம் எக்ஸின் தகப்பன் 1931இல் மின்வண்டியில் சிக்கி இறந்தார். அது கொலை என்றே குடும்பம் கருதியது. காப்புறுதி நிறுவனமொன்று அதைத் தற்கொலை என்று கூறிப் பெருந்தொகையைக் கொடுக்க மறுத்தது. கரிபியன் தீவான கிரெனடாவில் பிறந்த தாய் லூயிஸ் பிள்ளைகளோடு வறுமையில் தனித்து நின்றார். நலன்புரி உத்தியோகத்தர்கள் வந்து வந்து போனார்கள். மனம் குழம்பிய அவரை 1939 தொடக்கத்தில் மனநோய் வைத்தியசாலையில் அடைத்தார்கள், 24 ஆண்டுகள் கழித்தே வெளியே வந்தார். பிள்ளைகள் வேறு வேறு வளர்ப்புக் குடும்பங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டார்கள். அப்போது மல்கம் எக்ஸுக்கு ஏறத்தாழப் பேரன் தீ வைத்த அதே வயது. தாய் நோயுறுகிறாள், உதவி என்ற பெயரில் பிள்ளை அவளிடமிருந்து பிரிக்கப்படுகிறது, அதன்பின் பிள்ளையைக் கையேற்பது நீதிமன்றம். இது இருமுறை நடந்தது. இதில் விதியின் கை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. உத்தியோகத்தர்களின் கையெழுத்துகள் தெரிகின்றன.

மல்கம் ஷபாஸை நியூயோர்க் மாநிலச் சட்டம் பெரியவர்களின் நீதிமன்றத்தில் நிறுத்த முடியவில்லை. அங்கே பதின்மூன்று வயது நிறைந்தவர்மீதே கொலைக்குற்றத்துக்காக அவ்வாறு வழக்குத் தொடரலாம், அவருக்கு அந்த வயதாக இன்னும் நான்கு மாதங்கள் இருந்தன. குடும்ப நீதிமன்றத்தில் குற்றத்தை ஏற்றுக்கொண்டார். 18 மாதங்கள் சிறுவர் தடுப்பு நிலையத்தில் வைக்கவும், தேவையானால் 18 வயதுவரை ஆண்டுதோறும் நீடிக்கவும் உத்தரவிடப்பட்டது. 18 மாதங்கள் என்று சொல்லப்பட்டது ஏறத்தாழ நான்கு ஆண்டுகளாயிற்று.

அதே நாளில் அதே வயதில் ஒரு பிள்ளை இதை மட்டக்களப்பில் செய்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று கேட்பது வீண் கேள்வியன்று. 1997இல் நமது தண்டனைச் சட்டக்கோவையின்படி எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளை மட்டுமே குற்றத்துக்குப் பொறுப்பற்றது. எட்டுக்கும் பன்னிரண்டுக்கும் இடையில் முதிர்ச்சியைப் பார்க்கலாம். பன்னிரண்டு நிறைந்த பிள்ளைக்கு அந்தப் பாதுகாப்பும் இல்லை. 1939ஆம் ஆண்டின் சிறுவர் மற்றும் இளம் ஆட்கள் கட்டளைச்சட்டத்தின்கீழ் நன்னடத்தை உத்தியோகத்தரின் அறிக்கையைப் பெற்று, சான்றுபெற்ற பாடசாலைக்கு அனுப்புவதே வழமையான பாதையாக இருந்திருக்கும். 2018இல் தண்டனைச் சட்டக்கோவை திருத்தப்பட்டு எல்லை பன்னிரண்டுக்கு உயர்ந்தது, பன்னிரண்டு தொடக்கம் பதினான்கு வரை நீதிமன்றம் பிள்ளையின் முதிர்ச்சியை ஆராய வேண்டும் என்றாயிற்று. நியூயோர்க்கில் ஏழு வயதாக இருந்த கீழெல்லை, கொலை போன்ற குற்றங்கள் நீங்கலாக, பன்னிரண்டாக உயர்ந்தது 2022இன் இறுதியில்தான். இந்த ஒரு விடயத்தில் நாம் நான்கு ஆண்டுகள் முந்திக்கொண்டோம். போர் நடந்த காலத்தில் எங்கள் பகுதியில் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளை யார் யார் எந்தெந்தக் கண்ணால் பார்த்தார்கள் என்பதை அறிந்தவர்களுக்கு, இது பெருமைப்படக்கூடிய செய்தியாக மட்டும் இருக்காது.

தடுப்பு நிலையத்திலிருந்து வெளியே வந்த மல்கம் பதின்மவயதின் இறுதியிலேயே மீண்டும் சிக்கினார். கொள்ளை முயற்சி வழக்கில் 2002இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு மூன்றரை ஆண்டுத் தண்டனை பெற்றார். வெளிவந்த பின், 2006இல், ஒரு கடையின் கண்ணாடியைக் குத்தி உடைத்ததற்காக மறுபடியும் கைதானார். பன்னிரண்டு வயதிலிருந்து இருபத்திரண்டு வயதுவரை, ஒரு மனிதன் தன் குணத்தைக் கட்டிக்கொள்ளும் பத்து ஆண்டுகளில், பெரும்பகுதியை அவர் பூட்டிய கதவுகளுக்குப் பின்னால் கழித்தார். இதைப் பற்றி அவருடைய அபிமானிகள் அதிகம் கவலைப்படவில்லை என்பதுதான் எனக்கு வியப்பு. காரணம், அவர்களிடம் ஏற்கெனவே ஓர் அச்சு இருந்தது. மல்கம் எக்ஸும் சிறைக்குப் போனார், சிறையில் வாசித்தார், இஸ்லாத்தைக் கண்டார், வெளியே வந்து தலைவரானார். ஆகவே பேரனும் அந்த அச்சில் வார்க்கப்பட்டு வெளியே வருவார் என்று காத்திருந்தார்கள். பாட்டனார் சிறைக்குப் போனபோது அவருக்கு இருபது வயது என்பதையும், அவர் திருட்டுக்காகப் போனார், வளர்த்த பாட்டியின் மரணத்தைச் சுமந்துகொண்டு போகவில்லை என்பதையும் அந்த அச்சு கணக்கில் எடுக்கவில்லை.

பேரனும் அந்த அச்சை நம்பினார் என்றே தோன்றுகிறது. சிறையில் இருந்த காலத்தில் அவர் ஷியாப் பிரிவை ஏற்றார். பின்னர் சிரியாவில் சில காலம் மார்க்கக் கல்வி பயின்றார். (சுன்னி முஸ்லிம்கள் வாழும் நம் பக்கத்தில் அவரைப் பற்றி உருக்கமாகப் பேசுகின்றவர்கள் இந்த இடம் வந்ததும் குரலைத் தாழ்த்தி அடுத்த வாக்கியத்துக்குத் தாவிவிடுவதை நான் கேட்டிருக்கிறேன்.) 2010இல் ஹஜ் கடமையை நிறைவேற்றினார், பாட்டனார் மக்காவுக்குச் சென்று 46 ஆண்டுகளுக்குப் பின். நியூயோர்க்கில் ஜோன் ஜே குற்றவியல் நீதிக் கல்லூரியில் படித்தார், தன் வரலாற்றை எழுதிக்கொண்டிருந்தார், பல நகரங்களில் இளைஞர்களிடையே பேசினார். அந்தப் பேச்சுகளின் ஒளிப்பதிவுகளைப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது முகச்சாயல்தான், கூட்டம் வந்ததும் பெரும்பாலும் அந்தச் சாயலுக்காகவே. இரண்டு பெண் குழந்தைகளுக்கு அவர் தகப்பனாகவும் இருந்தார்.

2013இன் வசந்தத்தில், அமெரிக்காவிலிருந்து நாடுகடத்தப்பட்டிருந்த தொழிலாளர் உரிமைச் செயற்பாட்டாளரான மெக்சிக்கோ நண்பர் ஒருவரைப் பார்க்க அவர் மெக்சிக்கோ நகருக்குச் சென்றார். கரிபால்டி சதுக்கம், மரியாச்சி இசைக்குழுக்கள் கூலிக்குப் பாடுகின்ற, சுற்றுலாப் பயணிகள் மொய்க்கின்ற இடம். அந்த நண்பர் பின்னர் கூறியபடி, இருவரும் ஒரு மதுச்சாலைக்கு அழைத்துச் செல்லப்பட்டார்கள். வெளியேறும்போது ஏறத்தாழ 1,200 டொலருக்கான பற்றுச்சீட்டு நீட்டப்பட்டது. அவ்வளவு கொடுக்க முடியாது என்று தர்க்கம் மூண்டது. நண்பர் தப்பினார். தலையிலும் உடலிலும் பலமாக அடிபட்ட மல்கம் சில மணிநேரத்தில் இறந்தார். சில நாள்களில் அந்த மதுச்சாலையின் பணியாளர் இருவர் கைது செய்யப்பட்டார்கள்.

தேநீர்க்கடையில் அன்று எழுந்த சதிக் குரலை நான் முற்றாகப் புறந்தள்ளவில்லை. அவருடைய தாயின் வீட்டுக்குள் பணம் கொடுத்து உளவாளியை அனுப்பிய அரசு அது. மல்கம் எக்ஸைப் பல ஆண்டுகள் கண்காணித்த கோப்புகள் இன்று எவரும் வாசிக்கக் கிடைக்கின்றன. சந்தேகம் கொள்ள அந்தக் குடும்பத்துக்குப் போதிய காரணம் உண்டு. ஆனாலும் பயணிகளை உள்ளே இழுத்து, கூடிய தொகையை எழுதி, தர மறுத்தால் அடிப்பது அந்தச் சதுக்கத்தைச் சுற்றிய சில மதுச்சாலைகளில் புதிய பழக்கமன்று. அவர் யாருடைய பேரன் என்பது அடித்தவர்களுக்குத் தெரிந்திருக்கவும் வேண்டியதில்லை. சதி என்றால் அவருடைய சாவுக்கு ஒரு கனம் வந்துவிடுகிறது, பாட்டனாரின் சாவுக்குப் பக்கத்தில் அதை வைத்துவிடலாம். ஒரு பற்றுச்சீட்டுக்காகச் செத்தார் என்பதை ஏற்றுக்கொள்வது அவரை நேசித்தவர்களுக்குக் கடினம், அந்தக் கடினத்தை நான் குறை சொல்லமாட்டேன். பாட்டனாரின் பெயர் அவரை உயர்த்தவும் உதவவில்லை, அந்த இரவில் காப்பாற்றவும் உதவவில்லை.

கலிபோர்னியாவின் ஓக்லண்ட் நகரில் ஜனாஸாத் தொழுகை நடந்தது. பிறகு உடலை நாட்டின் மறுகரைக்குக் கொண்டுசென்று நியூயோர்க் மாநிலத்தின் ஹார்ட்ஸ்டேல் பகுதியிலுள்ள இடுகாட்டில் அடக்கினார்கள். மல்கம் எக்ஸ் 1965இலிருந்து அங்கே கிடக்கிறார். 1997இல் பெற்றி ஷபாஸையும் அவரோடு அங்கேதான் வைத்தார்கள். யொங்கர்ஸ் அங்கிருந்து தூரமில்லை, ஒரு சில மைல்கள்தான். தாயிடம் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று நம்பித் தீ வைத்த பிள்ளையை, பதினாறு ஆண்டுகள் கழித்து, பாட்டியின் அருகே கொண்டுவந்து வைத்தார்கள்.